பிராசஸர் வோல்டேஜை மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூட்டைக் குறைக்க அண்டர்வோல்ட் செய்பவர்களும் (பிராசஸரின் வோல்டேஜைக் குறைப்பவர்கள்) வேகத்தைக் கூட்ட ஓவர்கிளாக் செய்பவர்களும் ஒருநாள் கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார வேண்டி வரும். பல நேரங்களில் வோல்டேஜ் மாற்றத்தைவிட, அதற்குப் பிறகு பதறிப்போய் செய்கிற காரியங்கள்தான் பெரிய சேதத்தில் முடிகின்றன. பிராசஸரைக் கழற்றுவது, எங்கோ கிடைத்த பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ஃபைலை ஏற்றுவது, விண்டோஸை ஃபார்மேட் செய்வது எல்லாம் அந்த வகை. எதையும் தொடும் முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: நீங்கள் மாற்றிய அந்த எண் இப்போது எங்கே பதிவாகி இருக்கிறது? விண்டோஸில் ஓடும் ஒரு மென்பொருளிலா, மதர்போர்டின் பயாஸ் செட்டிங்கிலா, லேப்டாப்பின் ஃப்ளாஷ் சிப்பிலா? இடம் தெரிந்துவிட்டால் அதை அழிக்கும் வழியும் தெரிந்துவிடும்.

வோல்டேஜைக் குறைத்தேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. பிராசஸர் போய்விட்டதா?

இல்லை. குறைந்த வோல்டேஜ் பிராசஸரைக் கெடுக்காது. ஒவ்வொரு கிளாக் துடிப்புக்குள்ளும் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் தங்கள் நிலையை மாற்றி முடித்தாக வேண்டும். 4.5 கிகாஹெர்ட்ஸில் அதற்குக் கிடைக்கும் நேரம் சுமார் 0.22 நானோவினாடி. வோல்டேஜ் குறையக் குறைய அந்த மாற்றம் மெதுவாகும். நேரத்துக்குள் முடியாதபோது கணக்கு தப்பாகும், பிராசஸர் நின்றுவிடும். போதிய வோல்டேஜ் திரும்பக் கிடைத்ததும் பழையபடி ஓடும்.

கெட வாய்ப்புள்ளது உங்கள் ஃபைல்கள்தான். ஏதோ எழுதிக்கொண்டிருந்தபோது சிஸ்டம் உறைந்துபோனால் அந்த ஃபைலோ விண்டோஸின் ஒரு பகுதியோ பாழாகலாம். ஆகவே, ஆன் ஆகாத கம்ப்யூட்டரை "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று திரும்பத் திரும்ப ஆன் செய்து விண்டோஸ் வரை கொண்டுபோகாதீர்கள். முதலில் வோல்டேஜைப் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள்.

வோல்டேஜைக் கூட்டியவர்களுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. அது கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆன் செய்ததும் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் கவனியுங்கள்.

மதர்போர்டு நிறுவனத்தின் லோகோ வந்து, பயாஸ் திரைக்குள்ளும் போக முடிகிறது என்றால் வேலை சுலபம். "லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்" என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, சேமித்து வெளியே வாருங்கள். பெரும்பாலான போர்டுகளில் அதற்கு எஃப்5, எஃப்6, எஃப்7, எஃப்9 ஆகிய கீகளில் ஒன்று இருக்கும். திரையின் ஓரத்திலேயே எழுதியிருப்பார்கள்.

லோகோ வருகிறது, விண்டோஸ் சுழல் வட்டம் வரும்போதோ டெஸ்க்டாப் வந்த சில நொடிகளிலோ உறைந்துபோகிறது என்றால், எண் விண்டோஸுக்குள் இருக்கும் மென்பொருளில் இருக்கலாம். பயாஸில் கொடுத்த வோல்டேஜ் பயாஸ் திரைக்குப் போதுமானதாக இருந்து, விண்டோஸின் சுமைக்குப் போதாமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு.

லோகோவே வரவில்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது, அல்லது ஆன் ஆகி சில நொடிகளில் அணைந்து மீண்டும் ஆன் ஆகிறது என்றால் பயாஸ் செட்டிங்தான் முதல் சந்தேகம். இப்போதைய போர்டுகள் பலவற்றில் ரேம் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் நான்கு சிறு விளக்குகள் உண்டு: சிபியூ, டிராம், விஜிஏ, பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடை. வோல்டேஜ் பிரச்சினையில் பெரும்பாலும் சிபியூ அல்லது டிராம் விளக்கு நிற்கும். டிராம் விளக்கு எரிகிறது என்பதற்காக ரேமைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். ரேமை இயக்கும் கன்ட்ரோலர் பிராசஸருக்குள்தான் இருக்கிறது. அதற்கான வோல்டேஜ் குறைந்தாலும் இதே விளக்குதான் எரியும்.

ஃபேன் கூடச் சுற்றவில்லை, ஒரு விளக்கும் இல்லை என்றால் வோல்டேஜ் செட்டிங்கை விட்டுவிட்டு பவர் கார்டு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) பின்புற ஸ்விட்ச், கேபினட் பவர் பட்டனின் ஒயர் என்று வரிசையாகப் பாருங்கள்.

த்ராட்டில்ஸ்டாப் அல்லது இன்டெல் எக்ஸ்டியூ வழியாகத்தான் குறைத்தேன், பயாஸைத் தொடவே இல்லை. எப்படிச் சரிசெய்வது?

இந்த இரண்டு மென்பொருள்களும் வோல்டேஜ் அளவை பிராசஸரின் ஒரு ரெஜிஸ்டரில்தான் (உள்ளே இருக்கும் தற்காலிக நினைவிடம்) எழுதுகின்றன. கரண்ட் போனால் அந்த ரெஜிஸ்டரும் காலியாகிவிடும். கம்ப்யூட்டரை முழுதாக அணைத்து ஆன் செய்தால் பழைய வோல்டேஜில்தான் தொடங்கும். பிறகு ஏன் மறுபடி உறைகிறது? விண்டோஸ் திறந்ததும் அந்த மென்பொருள் தானாக ஓடி, அதே எண்ணை மறுபடி எழுதிவிடுகிறது.

எனவே அது ஓடாத சேஃப் மோடில் விண்டோஸைத் திறக்க வேண்டும். விண்டோஸ் லோடாகும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" திரை வரும். அங்கிருந்து டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4 என்ற எண்ணை அழுத்துங்கள். சேஃப் மோடில் டாஸ்க் ஷெட்யூலர் வேலை செய்யாது என்பதால் த்ராட்டில்ஸ்டாப் தானாக ஓடாது. அதன் ஃபோல்டருக்குள் போய் "த்ராட்டில்ஸ்டாப் டாட் ஐஎன்ஐ" என்ற ஃபைலின் பெயரை மாற்றிவிட்டால் நீங்கள் சேமித்த எல்லா எண்களும் போய்விடும். எக்ஸ்டியூ என்றால் அதன் சர்வீஸை டிசேபிள் செய்யுங்கள்.

பயாஸைத் தொடவே இல்லை, ஆனால் லோகோ கூட வரவில்லை என்பவர்கள் இந்த மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. அணைத்து ஆன் செய்த கம்ப்யூட்டரில் அதன் எண் மிச்சமிருக்காது. வேறு காரணம் தேடுங்கள்.

பயாஸில் மாற்றினேன், லோகோவே வரவில்லை. முதலில் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாமல் கொஞ்சம் காத்திருங்கள். பல டெஸ்க்டாப் போர்டுகள் இரண்டு மூன்று முறை தொடங்க முயன்று முடியாமல் போனால் தாமாகவே பாதுகாப்பான அளவுக்குத் திரும்பி, "ஓவர்கிளாக்கிங் தோல்வி, எஃப்1 அழுத்தி செட்டிங்குக்குள் வரவும்" என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டும். அது தானாக அணைந்து எரிவதைப் பார்த்துப் பயந்து நடுவில் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

ஐந்து நிமிடம் போயும் மாற்றம் இல்லையென்றால் சிமாஸ் கிளியர் செய்ய வேண்டும், அதாவது சேமித்த பயாஸ் செட்டிங்குகளை அழித்து டிஃபால்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

சிமாஸ் கிளியர் செய்வது எப்படி? பேட்டரியைக் கழற்றினால் போதுமா?

முதலில் எஸ்எம்பிஎஸ் பின்புற ஸ்விட்சை அணைத்து, பவர் கார்டையும் உருவிவிடுங்கள். இதைச் செய்யாமல்தான் பலரும் "பேட்டரியைக் கழற்றியும் ஒன்றும் ஆகவில்லை" என்கிறார்கள். கார்டு சொருகியிருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்டைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அது இருக்கும்போது பேட்டரி இல்லாவிட்டாலும் நினைவு அழியாது. கார்டை உருவிய பிறகு கேபினட்டின் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். போர்டில் ஏதாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது மங்கி அணைவதைப் பார்க்கலாம்.

அடுத்து, கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, போர்டில் இரண்டு கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஜம்பரைத் தேடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் வேறு பெயர் அச்சிட்டிருக்கும். ஆசஸ் போர்டில் சிஎல்ஆர்டிசி (CLRTC), எம்எஸ்ஐயில் ஜேபாட்1 (JBAT1), ஜிகாபைட்டில் சிஎல்ஆர் சிமாஸ் (CLR_CMOS). பெரும்பாலும் போர்டின் அடிவிளிம்பிலோ நாணயம் போன்ற பேட்டரியின் அருகிலோ இருக்கும். ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியால் இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டபடி பத்து விநாடி வைத்திருங்கள். பக்கத்தில் யுஎஸ்பி, ஆடியோ கனெக்டர்களின் கம்பிகளும் இதே மாதிரிதான் நீட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்து, அச்சிட்ட எழுத்தைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். சில போர்டுகளில் பின்பக்கம் யுஎஸ்பி துளைகளுக்கு அருகிலேயே இதற்கென்று ஒரு பட்டன் இருக்கும். இருந்தால் கேபினட்டைத் திறக்கவே வேண்டாம்.

மூன்று கம்பிகள் உள்ள பழைய போர்டில் மூடியை 1-2லிருந்து 2-3க்கு மாற்றி வைத்துவிட்டு, மறக்காமல் திரும்ப 1-2க்கே கொண்டு வாருங்கள். 2-3லேயே விட்டுவிட்டால் சில போர்டுகள் ஆன் ஆகாது.

ஜம்பர் கிடைக்கவில்லை என்றால் பேட்டரி வழி. சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி அது. பல போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், கார்டைக் கழற்றினால்தான் கைக்கு எட்டும். பேட்டரியின் ஓரத்தில் இருக்கும் சிறு உலோகக் கொக்கியை நகத்தால் பின்னுக்குத் தள்ளினால் அது தானாக எழும்பும். பத்து நிமிடம் வெளியே வைத்திருங்கள். கையோடு மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் புதிது போட்டுவிடுங்கள். எழுத்து பொறித்த பக்கம் மேலே இருக்க வேண்டும்.

கிளியர் செய்தேன். அப்படியும் திரை கருப்பாகத்தான் இருக்கிறது.

டிடிஆர்5 ரேம் உள்ள கம்ப்யூட்டரா? அப்படியானால் கிளியர் செய்த பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது ரேமைப் புதிதாக அளந்து பழக்கிக்கொள்ள போர்டுக்குப் பல நிமிடங்கள் ஆகும். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் ரேம் அளவு அதிகமாக இருந்தால் இன்னும் கூடும். டிராம் விளக்கு எரியும், திரையில் ஒன்றும் இருக்காது, செத்துவிட்டது போலவே தோன்றும். கால் மணி நேரமாவது விட்டுவிடுங்கள். நடுவில் அணைத்தால் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும்.

அதன் பிறகும் வரவில்லையென்றால், வேலை செய்தபோது நம் கையே எதையாவது தட்டிவிட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டு தேடுவது நல்லது. பிராசஸருக்குப் பக்கத்தில் வரும் 8 பின் பவர் கனெக்டர் முழுக்க இறங்கியிருக்கிறதா? கழற்றி மாட்டிய கிராபிக்ஸ் கார்டு கிளிக் என்று உட்கார்ந்ததா, அதன் தனி பவர் ஒயரை மாட்டினீர்களா? மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கிறதா? பெயரில் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கேபிளைப் போர்டில் மாட்டினால் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்துப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் வையுங்கள். ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

பயாஸ் ஃப்ளாஷ்பேக் செய்யலாமா?

பென்டிரைவிலிருந்து பயாஸை நேரடியாக மறுபடி ஏற்றும் வசதி இது. மேலே சொன்னது எதுவும் உதவாதபோது செய்யலாம். இந்த வசதி உள்ள போர்டில் பிராசஸரே இல்லாமலும் பயாஸை ஏற்ற முடியும் என்பதால் வோல்டேஜ் தடையாக இருக்காது. உங்கள் போர்டின் மாடல் பெயரை ஒரு எழுத்து பிசகாமல் பார்த்து நிறுவனத்தின் தளத்திலிருந்து ஃபைலை எடுங்கள். ஒரே பெயரில் வைஃபை உள்ளது, இல்லாதது, திருத்திய இரண்டாம் பதிப்பு என்று பல போர்டுகள் இருக்கும். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, போர்டின் கையேடு சொல்லும் பெயரை ஃபைலுக்கு வைத்து, அதற்கென்று குறித்திருக்கும் யுஎஸ்பி துளையில் சொருகுங்கள். விளக்கு மின்னத் தொடங்கினால் ஏறுகிறது என்று பொருள். நின்றால்தான் முடிந்தது. அடிக்கடி கரண்ட் போகிற பகுதியில் இருப்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

லேப்டாப்பில் சிமாஸ் ஜம்பர் எங்கே இருக்கும்?

பெரும்பாலானவற்றில் இருக்காது. சார்ஜரை உருவிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடத்துக்கு மேல் அழுத்திப் பிடிப்பது முதல் வழி. எச்பி லேப்டாப் பலவற்றில் விண்டோஸ் கீயையும் வி கீயையும் சேர்த்துப் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்தினால் சிமாஸ் கிளியர் ஆகும். வி-க்குப் (V) பதில் பி (B) பிடித்தால் பயாஸ் மீட்பு தொடங்கும். டெல்லில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்திக்கொண்டே சார்ஜரைச் சொருகினால் பயாஸ் மீட்புத் திரை வரும். திங்க்பேட்களில் அடிப்பக்கத்தில் ஊசி நுழையும் அளவு ஒரு ரீசெட் துளை இருக்கும்.

இவை பலிக்காவிட்டால் அடித்தகட்டைக் கழற்றி முதன்மை பேட்டரியின் கனெக்டரை உருவ வேண்டும். சிமாஸ் பேட்டரி தனியாக இருந்தால் அதையும் உருவி, ஒரு மணி நேரம் அப்படியே விடலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்போதைய லேப்டாப்களில் பயாஸ் செட்டிங்குகள் கரண்ட் இல்லாமலே நினைவில் நிற்கும் ஃப்ளாஷ் சிப்பில் பதிவாகின்றன. டெஸ்க்டாப் போர்டுகளிலும் இதே கதைதான். ஆனால் அவற்றின் பயாஸ், பேட்டரி நின்றுபோனதைக் கவனித்து, தானே டிஃபால்ட்டுக்குத் திரும்பும்படி எழுதப்பட்டிருக்கிறது. சில லேப்டாப்களின் பயாஸ் அப்படிச் செய்வதில்லை. ஒரு வாரம் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் அந்த எண் அங்கேயே இருக்கும்.

வோல்டேஜ் ஸ்லைடர் பூட்டியிருந்தது. ஒரு வீடியோவைப் பார்த்து க்ரப் வழியாகப் பூட்டைத் திறந்தேன். இப்போது லேப்டாப்பே எழவில்லை.

அந்தப் பூட்டு வந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 2019 டிசம்பரில் பர்மிங்காம், கிராஸ், லூவன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் "ப்ளண்டர்வோல்ட்" என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். மென்பொருள் வழியாக வோல்டேஜை நுணுக்கமாகக் குறைத்து, பிராசஸரைக் கணக்கில் தப்புச் செய்ய வைத்து, எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் இருக்கும் ரகசிய எண்களை வெளியே எடுக்க முடியும் என்று காட்டினார்கள். அதன் பிறகு இன்டெல் கொடுத்த திருத்தத்தோடு பயாஸ் அப்டேட் செய்த லேப்டாப்களில் அண்டர்வோல்ட் பூட்டப்பட்டது.

க்ரப் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் ஒரு பூட் மென்பொருள்) வழி என்பது, பயாஸின் மறைந்திருக்கும் ஒரு செட்டிங்கை அதன் முகவரி எண்ணைக் கொண்டு நேரடியாக மாற்றுவது. அந்த முகவரி மாடலுக்கு மாடல் மாறும். ஒரே மாடலிலும் பயாஸ் பதிப்புக்குப் பதிப்பு மாறும். வீடியோவில் காட்டிய முகவரி அவருடைய லேப்டாப்புக்கு உரியது. உங்களுடையதில் அதே இடத்தில் ரேம் அல்லது டிஸ்ப்ளே சம்பந்தப்பட்ட வேறொரு செட்டிங் இருந்திருக்கும். சில டிகிரி சூட்டுக்காக இந்த ஆபத்தை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஃபேனில் படிந்த தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே பழைய லேப்டாப் பலவற்றில் சூடு நன்றாக இறங்கும்.

நடந்துவிட்டது என்றால் முந்தைய பதிலில் சொன்ன மீட்பு வழிகளை முயலுங்கள். அவை பலிக்காதபோது மிச்சமிருப்பது ஃப்ளாஷ் சிப்பை வெளியிலிருந்து எழுதுவது.

சிஹெச்341ஏ புரோகிராமர் வாங்கி நானே எழுதலாமா?

பயாஸ் பதிவாகியிருக்கும் ஃப்ளாஷ் சிப்பின் மேல் கிளிப் மாட்டி, அதைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிறு கருவி அது. கை நடுங்காமல் வேலை செய்யத் தெரிந்தவர் என்றால் எழுதலாம். பலரும் தவறுவது மூன்று இடங்களில்.

முதலாவது வோல்டேஜ். எட்டுக் கால் உள்ள அந்தச் சிப்பின் மேல் இருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். வின்பாண்ட் நிறுவனத்தின் 25க்யூ128எஃப்வி (25Q128FV) 3.3 வோல்ட்டில் ஓடுவது, 25க்யூ128எஃப்டபிள்யூ (25Q128FW) 1.8 வோல்ட்டில் ஓடுவது. கடைசி எழுத்துதான் வித்தியாசம். 1.8 வோல்ட் சிப்புக்கு இடையில் ஒரு அடாப்டர் வைக்காமல் கிளிப்பைப் பொருத்தினால் சிப் போய்விடும். கறுப்பு நிற மலிவு புரோகிராமர்கள் பலவற்றில் இன்னொரு கோளாறும் உண்டு: சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் போகும். மல்டிமீட்டரில் அளக்காமல் இணைக்காதீர்கள்.

இரண்டாவது, எழுதும் முன் படித்துச் சேமிப்பது. லேப்டாப்பின் பேட்டரி கனெக்டரை உருவிவிட்டு, இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாகப் பதியவில்லை.

மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். உங்கள் சிப்பில் உங்கள் லேப்டாப்புக்கு மட்டுமே உரிய சீரியல் எண், விண்டோஸ் லைசென்ஸ் கீ, சில மாடல்களில் நெட்வொர்க் முகவரி எல்லாம் இருக்கின்றன. இணையத்தில் கிடைத்த வேறொருவரின் ஃபைலை அப்படியே எழுதினால் லேப்டாப் எழும், ஆனால் அந்த விவரங்கள் போய்விடும். நீங்கள் சேமித்த ஃபைலை எடுத்து, அதில் செட்டிங் பதிவாகும் பகுதியை மட்டும் சுத்தம் செய்து திரும்ப எழுதுவதே முறை.

நான் வோல்டேஜைக் கூட்டினேன். எவ்வளவு போனால் ஆபத்து?

பிராசஸரைப் பொறுத்தது. ஏஎம்டி ரைசனில் சுமை இல்லாத நேரத்தில் 1.45 வோல்ட் காட்டுகிறதே என்று பயப்படுகிறவர்கள் நிறைய. ஓரிரு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக இயங்கும் பகுதி) மட்டும் உச்ச வேகத்துக்குப் போகும் கணத்தில் அது இயல்பு. அதே 1.45ஐ எல்லாக் கோர்களுக்கும் நிலையாகப் பூட்டிவைத்து வேலை வாங்கினால் சிப்பின் ஆயுள் குறையும்.

கோர் வோல்டேஜ் மட்டுமே வோல்டேஜ் ஆகாது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில, சாக்கெட்டோடு கருகின. மெமரி கன்ட்ரோலர் இருக்கும் எஸ்ஓசி பகுதிக்குப் போர்டுகள் கூடுதல் வோல்டேஜ் கொடுத்தது அதில் முக்கியக் காரணம். அதன் பிறகு ஏஎம்டி அந்த அளவை 1.3 வோல்ட்டோடு நிறுத்தும் பயாஸ் அப்டேட்டைக் கொண்டுவந்தது.

கூட்டிய பிறகு ஆன் ஆகாவிட்டால் சிமாஸ் கிளியர்தான் இங்கும் முதல் படி. அது உதவாமல், கருகிய வாடையும் வந்தால் மேலும் ஆன் செய்ய வேண்டாம். பிராசஸரைக் கழற்றி அடிப்பக்கத்தில் கருத்த புள்ளியோ உப்பலோ இருக்கிறதா, சாக்கெட்டில் நிறம் மாறிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் போர்டில் வேறு பிராசஸரையும், அந்தப் பிராசஸரை வேறு போர்டிலும் வைத்துச் சோதிக்காதீர்கள். ஒன்று மற்றதைக் கெடுக்கக்கூடும்.

பல மாதம் நன்றாக ஓடிய அண்டர்வோல்ட் இப்போது தாங்கவில்லை. ஏன்?

பயாஸ் அப்டேட் நடந்திருந்தால் அடிப்படை வோல்டேஜே மாறியிருக்கலாம். பழைய கழித்தல் எண் புதிய அடிப்படைக்குப் பொருந்தாது.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் என்றால் இன்னொரு காரணத்தையும் பார்க்க வேண்டும். சிப்பே அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கியதால், ஓடத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜ் காலப்போக்கில் உயர்ந்துபோகும் கோளாறு 2024இல் உறுதியானது. ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் (பிராசஸரின் நடத்தையைத் திருத்தும் அப்டேட்) 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் 0எக்ஸ்12பி வந்தது. இந்த அப்டேட்டுகள் மேலும் தேய்வதைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. டிஃபால்ட்டிலேயே கேம்கள் மூடிக்கொள்வதும் பெரிய ஃபைல்களை விரிக்கும்போது பிழை வருவதும் நடந்தால், வோல்டேஜோடு மல்லுக்கட்டாமல் வாரன்டிக்கு அனுப்புங்கள். பாதிக்கப்பட்ட மாடல்களில் பெட்டியோடு விற்றவற்றுக்கு இன்டெல் வாரன்டியை 2 ஆண்டு நீட்டி மொத்தம் 5 ஆண்டாக்கியது.

கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது, ஆனால் விண்டோஸ் வரவில்லை. சிமாஸ் கிளியர் டிஸ்க்கை அழித்துவிட்டதா?

அழிக்காது. டிஸ்க்கைப் படிக்கும் முறை டிஃபால்ட்டுக்கு மாறியிருக்கும். "இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத்திரை வந்தால் பயாஸில் விஎம்டி அல்லது ரெய்டு (டிஸ்க்குகளைக் கையாளும் முறைகள்) முன்பு ஆன் ஆகியிருந்ததா என்று யோசித்து, பழைய நிலைக்கு மாற்றுங்கள். டிஸ்க்கே பட்டியலில் தெரியாமலோ பூட் ஆகாமலோ இருந்தால் சிஎஸ்எம் (பழைய பூட் முறை), யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) தேர்வைப் பாருங்கள்.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) 48 இலக்க எண்ணைக் கேட்டால், விண்டோஸில் நுழையும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறொரு போனிலிருந்து நுழைந்து அதை எடுக்கலாம். அது கையில் கிடைக்கும்வரை விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டாம். சில ஏஎம்டி போர்டுகள் எஃப்டிபிஎம்மை (பிட்லாக்கர் போன்றவற்றின் சாவியைக் காக்கும் பகுதி) ரீசெட் செய்யலாமா என்று கேட்டு ஒய் (Y), என் (N) இரண்டையும் காட்டும். பிட்லாக்கர் எண் கையில் இல்லாதவர்கள் N எழுத்தை அழுத்த வேண்டும்.

தேதியும் நேரமும் பின்னுக்குப் போயிருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் பிரவுசரில் எந்தத் தளமும் பாதுகாப்பு எச்சரிக்கை இல்லாமல் திறக்காது.

மறுபடி அண்டர்வோல்ட் செய்து பார்க்கலாமா?

டெஸ்க்டாப்பில் தாராளமாகச் செய்யலாம். மின்செலவு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. அதே வேகத்தில் 1.30 வோல்ட்டிலிருந்து 1.20க்கு இறங்கினால் இயங்கும்போது செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய 15 சதவீதம் குறையும். ஏசி இல்லாத அறையில் மே மாதம் வேலை செய்பவருக்கு அது பெரிய நிம்மதி.

தொடங்கும் முன் பயாஸின் ஒவ்வொரு வோல்டேஜ் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பெரும்பாலான விபத்துகள் இரண்டு இடங்களில் நடக்கின்றன. "ஆஃப்செட்" (டிஃபால்ட்டிலிருந்து கூட்டும் அல்லது கழிக்கும் அளவு) என்று நினைத்து "மேனுவல்" (மொத்த வோல்டேஜ்) கட்டத்தில் 0.100 என்று தட்டுவது ஒன்று, கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறியை விட்டுவிடுவது இன்னொன்று. சேமிக்கும்போது வரும் மாற்றப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள்.

ரேமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் 10 முதல் 20 மில்லிவோல்ட் மட்டும் இறக்குங்கள். ஏஎம்டியின் கர்வ் ஆப்டிமைசரில் (கோர் கோராக வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் செட்டிங்) ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லாக் கோர்களுக்கும் எடுத்த எடுப்பில் மைனஸ் 30 போடுவது வேண்டாம். மிகச் சிறந்த கோர்தான் மிகக் குறைந்த குறைப்பைத் தாங்கும். ஏனென்றால் அதுதான் மற்றவற்றைவிட அதிக வேகத்துக்குப் போகிறது.

சினிபெஞ்ச் (பிராசஸரின் வேகத்தை அளக்கும் மென்பொருள்) ஓடிவிட்டது என்பதால் நிலையாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். எல்லாக் கோர்களும் உழைக்கும்போது வேகம் குறைவாகவே இருக்கும். சும்மா இருந்த சிஸ்டம் சட்டென்று ஒரு கோரை உச்சிக்குக் கொண்டுபோகும்போதுதான் பல அண்டர்வோல்ட்கள் உடைகின்றன. ஓசிசிடி, பிரைம்95 ஆகிய சோதனை மென்பொருள்களோடு, ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளரையும் இரவெல்லாம் ஓடவிடுங்கள். பிறகு விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர் (WHEA-Logger, ஹார்டுவேர் பிழைகளைப் பதிவு செய்வது) என்ற பெயரில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்டம் நிற்காவிட்டாலும் அங்கே ஒரு பதிவு இருந்தால் 10 மில்லிவோல்ட் மேலே ஏற்றுங்கள்.

எதுவும் பலிக்கவில்லை. கடைக்கு எடுத்துப் போகும்போது என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். "தானாக நின்றுவிட்டது" என்று சொன்னால் அவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள், கூலி ஏறும். எந்த செட்டிங்கை எவ்வளவுக்கு மாற்றினீர்கள், சிமாஸ் கிளியர் செய்தீர்களா, எந்த விளக்கு நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பயாஸ் சிப்பைக் கழற்றி எழுதுகிற வசதி எல்லாக் கடையிலும் இருக்காது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் "பயாஸ் புரோகிராமிங்" செய்பவர்களைத் தனியாகக் கேட்டுப் போங்கள். எழுதும் முன் பழைய சிப்பின் நகலை எடுத்து ஒரு பென்டிரைவில் தரச் சொல்லுங்கள். டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. கம்ப்யூட்டர் ஆன் ஆகி லோகோ வருகிறதா என்று பார்க்க அவர்களுக்கு உங்கள் டிஸ்க் தேவையில்லை.